பெரிய வியாழனின் பந்தி

நமது கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், இளைஞர்களின் கையில் வைக்கத்தக்க வரலாற்றுச் செய்தி ஒன்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டனர். நம் மக்களுள் கிறிஸ்தவராய் உள்ளோர் ஆண்டுதோறும் தவறாமல் அனுசரித்தும், அதனுள் பொதிந்து கிடக்கும் நம் சொந்த வரலாற்றை அறியாமலேயே கடந்துபோகும் ஒரு காலத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். உயிர்த்தெழுதல் பெருவிழாவிற்கு முந்திய நாற்பது நாள்களே அக்காலம். கத்தோலிக்கர் இதனைத் தவக்காலம் என்பர். சீர்திருத்தச் சபையார் லெந்து நாள்கள் என்பர். நம் கழகத்தில் பிற சமயத்தாரும் உளர். அவர்களும் இதனைப் படிக்க வேண்டுகிறோம். ஏனெனில் இது யாரோடு யார் உட்கார்ந்து உண்ணலாம் என்ற கேள்வியின் வரலாறு. அக்கேள்வியால் காயப்படாத குடும்பம் நம்மிடையே எதுவுமில்லை.

நாற்பது நாளின் நோக்கம்

கி.பி. 325-இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம், உயிர்த்தெழுதல் விழாவைத் திருச்சபை எங்கும் ஒரே நாளில் கொண்டாட வழிவகுத்தது. அச்சங்கம் இயற்றிய ஐந்தாம் விதியில் இந்த நாற்பது நாள் பற்றிய குறிப்பும் வருகிறது. சபையிலிருந்து விலக்கப்பட்டவர்கள் ஆயரின் அற்பமான பகையினாலோ மனக்கசப்பினாலோ விலக்கப்பட்டார்களா என்று விசாரிக்க, ஆண்டுக்கு இருமுறை ஆயர்கள் கூட வேண்டும். அவற்றுள் ஒரு கூட்டம் நாற்பது நாளுக்கு முன்னரே நடைபெற வேண்டும். கசப்பெல்லாம் நீங்கிய பின்னரே தூய காணிக்கையை இறைவனுக்குப் படைத்தல் இயலும் என்பது அவ்விதியின் கருத்து.

இதனை நம் இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டும். நோன்பு என்றதும் புலால் விடுதலும் ஒருவேளை உணவும் நம் நினைவுக்கு வருகின்றன. பழைய திருச்சபையோ, நோன்பு தொடங்குமுன் வேறொரு கணக்கைத் தீர்க்கச் சொன்னது. வெளியே நிறுத்தப்பட்டவர் எவர்? நியாயமாகத்தான் நிறுத்தப்பட்டாரா? இக்கேள்விக்கு விடை காணாமல் நோன்பிருத்தல் பயனற்றது என்பதே அதன் உட்பொருள்.

தண்ணீரும் அப்பமும்

இந்நாள்களின் இறுதி வாரத்தில் வருவது பெரிய வியாழன். அன்றிரவு இயேசுநாதர் சீடரோடு பந்தியமர்ந்தார். அப்பத்தைப் பிட்டு எல்லார்க்கும் கொடுத்தார். ஒரே பாத்திரத்திலிருந்து எல்லாரையும் பருகச் செய்தார். யோவான் எழுதிய நற்செய்தி இன்னொரு செயலையும் கூறுகிறது. அவர் எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டி, சீடர்களின் கால்களைக் கழுவினார். அக்காலத்தில் விருந்தினரின் புழுதி படிந்த கால்களைக் கழுவுதல் அடிமையின் வேலை. ஆதலால்தான் பேதுரு திடுக்கிட்டு மறுத்தார். பிறப்பினால் ஒரு கூட்டத்தார்க்கென்று ஒதுக்கப்பட்ட இழிதொழில் என்றால் என்ன என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொழிலைக் குரு தம் கையில் எடுத்துக்கொண்டார் என்பதே அவ்விரவின் புதுமை. காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசும் அந்தப் பந்தியில் இருந்தான். அவனுக்கும் இடமிருந்த அப்பந்தியில், பிற்காலத்தில் நம் முன்னோர்க்கு இடமில்லாமற் போனது எவ்வாறு?

தரங்கம்பாடி காட்டும் பாடம்

சீகன்பால்கும் புளூச்சோவும் 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அங்கே தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது, பள்ளிகள் தோன்றின, 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. நம் மக்கள் எழுத்தறிந்ததில் அம்மிஷனுக்குப் பெரும்பங்குண்டு. அந்த நன்றியை நாம் மறத்தல் ஆகாது. ஆயினும் அதே சபையில் நம் மக்கள் தனியே அமர்த்தப்பட்டனர் என்பதும் உண்மை.

அச்சபையின் உபதேசியருள் இராஜநாயக்கன் என்பவர் ஒருவர். பறையர் குலத்தில் பிறந்தவர். தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்தவர். கத்தோலிக்கராய் இருந்தவர், தமிழில் அச்சான வேதப் புத்தகத்தைத் தாமே வாசித்துத் தெளிந்து தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்தார். எதிர்ப்புகளுக்கிடையே தஞ்சை நாட்டில் சபைகளை வளர்த்தார். 1733-இல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். இரண்டாம் குருவைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தபோது இராஜநாயக்கனின் தகுதியை எவரும் மறுக்கவில்லை. ஆனால் 1741-இல் அப்பதவி தியாகு என்பவருக்குச் சென்றது. மேற்குலத்துக் கிறிஸ்தவர்கள் இராஜநாயக்கன் கையினால் திருவிருந்து பெற இசையார். அதனால் அத்திருவிருந்தின் மதிப்பே குறையும் என்று மிஷனெரிமார் அஞ்சினர். அவர் 1771-இல் இறக்கும்வரை உபதேசியாகவே ஊழியம் செய்தார்.

அடிமையின் வேலையை மேற்கொண்டு ஆண்டவர் ஏற்படுத்திய பந்தி, அடிமையாக்கப்பட்டவரின் கை பட்டால் மதிப்புக் குறையும் என்று கருதப்பட்டது! இதனினும் பெரிய முரண் உண்டோ? எனினும் ஒன்று சொல்வோம். பதவி மறுக்கப்பட்ட அம்மனிதர் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. நம் கல்வி வரலாற்றில் அவருக்கு ஓர் இடமுண்டு.

ஒரே பாத்திரத்திற்கான போராட்டம்

1826-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் உயிர்த்தெழுதல் ஞாயிறு. அன்று கல்கத்தா பேராயர் ஹீபர் தஞ்சையில் இருந்தார். தமிழ்ச் சபையாரோடு விழாவைக் கொண்டாடினார். சாதி வேற்றுமையை உலகியல் வழக்கமாகக் கருதி மென்மையாக நடத்தலாமா என்று அவர் விசாரித்துக் கொண்டிருந்தார். முடிவு காணுமுன், ஏப்ரல் 3-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் நீராடச் சென்றவிடத்து உயிர்நீத்தார்.

அவருக்குப் பின் சில ஆண்டுகள் கழித்துப் பேராயரான தானியேல் வில்சன் மென்மையை ஏற்கவில்லை. சபைக்குள் சாதி வேற்றுமை உறுதியாகவும் உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிடப்பட வேண்டும் என்று 1833-இல் சுற்றறிக்கை விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருங்கொந்தளிப்பு எழுந்தது. ஒரே பாத்திரத்தில் பருகுவதைவிடச் சபையைவிட்டு நீங்குவதே மேல் என்று பலர் வெளியேறினர். இன்றும் நம் ஆலயங்களில் உருக்கத்தோடு பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சாதி வழக்கங்களை ஆதரித்து எழுதினார் என்பதையும் நாம் அறிந்திருத்தல் நலம். பாடலின் இனிமையை நாம் தள்ளவில்லை. பாடியவரின் குறையை மறைக்கவும் இல்லை. வரலாறு கற்போர்க்கு இவ்விரண்டும் வேண்டும்.

1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு மேலும் ஓரடி எடுத்து வைத்தது. சாதியை விட்டதற்கு வாய்ச்சொல் போதாது. எக்குலத்தாரோடும் ஒன்றாக உணவருந்திக் காட்டினால்தான் சபையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அது தீர்மானித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷனார் இதில் சேரவில்லை. மனமாற்றம் மெதுவாகவே வரும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை நம் மக்கள் எத்தனை தலைமுறை கேட்டுவிட்டனர்!

சுவர்களும் தேர்களும்

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதே கதைதான். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம், இரு சாதியார் இரு பிரிவாக நின்று ஒரே பீடத்தை நோக்கும்படி கட்டப்பட்டது. அங்கு பிரிந்து நின்றோர் வேளாளரும் நாடாருமே. நடுவே நின்ற தடுப்பு 1910-இல் அகற்றப்பட்டது. கல்லறைத் தோட்டத்தைப் பிரிக்கும் சுவர், சேரித் தெருவுக்குள் வராத தேர், தனிப் பாடை என்று வேறு வடிவங்களில் அந்தத் தடுப்பைத் தமிழ்நாட்டின் பல ஊர்கள் கண்டுள்ளன. 2008-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் ஏறையூரில், வழிபாட்டில் சமவுரிமையும் தனிப்பங்கும் கேட்டெழுந்த பூசல் மோதலாக வெடித்துத் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் பறிபோயின. அது தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. இறந்தோர் நம்மவர் அல்லர். ஆயினும் அவர்களுக்காகவும் நாம் துக்கிக்கிறோம். சாதி என்னும் நெருப்பு தன்னை வளர்ப்பவனையும் சுடும்.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனித வாரச் சடங்குகளைத் திருத்தியமைத்தபின், கால் கழுவும் சடங்கு வியாழன் மாலைத் திருப்பலியில் பங்கு ஆலயங்களிலும் இடம்பெறலாயிற்று. 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமைச் சிறார் சிறை ஒன்றுக்குச் சென்று, பெண்கள், இஸ்லாமியர் உட்படப் பன்னிருவரின் கால்களைக் கழுவினார். 2016-இல் பெண்களுக்கும் இடமளித்து விதியே மாற்றப்பட்டது. சிறைக்குள் செல்ல முடிந்த அத்தண்ணீர் நம் தெருவுக்குள் வந்ததா? நம் ஊரில் அமர்த்தப்படும் அப்பன்னிருவர் எத்தெருவினர்? ஒவ்வோர் இளைஞனும் தன் ஊரை எண்ணிப் பார்க்கட்டும். அதே 2016-ஆம் ஆண்டின் இறுதியில், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை இந்திய ஆயர் பேரவையே தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

ஊருக்கு வெளியே

வியாழனுக்குப் பின் வெள்ளி. கொல்கொதா என்னும் இடம் நகர வாயிலுக்கு வெளியே இருந்தது. சிலுவையைச் சுமக்க வழியில் வந்த சிரேனே ஊரானாகிய சீமோன் கட்டாயப்படுத்தப்பட்டான். கூலியில்லை, மறுக்கும் உரிமையுமில்லை. அதனை நம் முன்னோர் வெட்டி வேலை என்றனர். ஊருக்கு வெளியே வாழ்ந்தவர்க்கு, ஊருக்கு வெளியே இறந்தவரின் துன்பம் எளிதில் விளங்கியது. 1981-இல் அரவிந்த் நிர்மல் பெங்களூரில் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்த தலித் இறையியல், இந்த அனுபவத்தையே நூலறிவாக்கிற்று. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை அண்ணன்' என மக்களால் அழைக்கப்பட்டவர், நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அவர் வலியுறுத்திய சொல் 'ஒரு உலை'. எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் வெந்து, எல்லாரும் ஒன்றாக உண்பதே உண்மையான திருவிருந்து என்பது அவர் போதனை. 1850-இல் தீர்மானமாக எழுதப்பட்டதை அவர் சோறாக்கிக் காட்டினார். 2005-இல் அவர் மறைந்தார். உலை இன்னும் நம்மிடம் இருக்கிறது.

காத்திருக்கும் சனி

வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் இடையே மணியோசை இல்லாத ஒரு நாள் உண்டு. அந்நாளை நம் மக்கள் நன்கறிவர். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர் என்னும் உரிமையை இந்துக்களுக்கே உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவராய் உள்ள நம்மவர் இன்னும் சேர்க்கப்படவில்லை. ஆலயத்தில் சாதியால் ஒதுக்கப்பட்டவர்க்கு, அரசின் ஏட்டில் சாதியில்லை! இரு கதவுகளுக்கிடையே நிற்கும் இந்நிலையே நம் சனிக்கிழமை.

இளைஞர்களே, கல்லறை திறந்த செய்தியை முதலில் கொண்டுவந்தவர்கள் பெண்கள். அவர்கள் சொன்னதைச் சீடர்கள் முதலில் வீண்பேச்சென்றே எண்ணினர். சொல்லும் உரிமையற்றவர் எனக் கருதப்பட்டோர் வாயிலாகவே உயிர்த்தெழுதல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆகவே பேசுங்கள், பேசுவதற்குமுன் படியுங்கள். உங்கள் ஊர்ச் சபையின் பழைய பதிவேடுகளையும் பெரியோர் நினைவுகளையும் தொகுத்து எழுதுங்கள்.

நமக்குள்ளும் ஒரு கேள்வி கேட்போம். நம்மினும் தாழ்ந்தோர் என்று நாம் எண்ணும் அண்டைத் தெருவினர் வீட்டில் நாம் கை நனைத்ததுண்டா? வரும் பெரிய வியாழனன்று நம் கழகத்தார் எல்லாத் தெருவிலும் அரிசி திரட்டி, ஒரே உலையிலிட்டு, ஒரே பந்தியில் அமர்வோமாக. நம் வெள்ளிவிழாவுக்கு அதனினும் பொருத்தமான நிறைவு வேறில்லை.