பழைய நாதம் எங்கே குடியிருக்கிறது? - யாழும் பேஸ் கிட்டாரும்

தமிழில் இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் யாழிலிருந்து தொடங்குவது மரபு. நாமும் அம்மரபை மீறப் போவதில்லை. சங்க நூல்களும் சிலப்பதிகாரமும் இத்தனை விரிவாகப் பேசுகிற யாழ் ஒரு காலகட்டத்தில் வழக்கொழிந்தது. உருவம் பற்றிய வருணனை நின்றது. நரம்புகளின் பெயர்கள் நின்றன. நாதம் மட்டும் போய்விட்டது. அந்த நாதத்தை நூல்வழியாகவும் கணக்குவழியாகவும் மீட்க முயன்றவர் விபுலானந்த அடிகள். பல்லாண்டு உழைப்பின் பயனான அவரது 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். மறைந்துபோன ஓர் ஒலியைத் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்வியைத் தமிழில் அவரைப்போல் தீவிரமாகக் கேட்டவர் வேறொருவரில்லை.

இதே கேள்வியை இன்று உலகெங்கும் வேறொரு கூட்டத்தார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தேடுவது ஈராயிரம் ஆண்டுப் பழைமையை அன்று. அறுபது, எழுபது ஆண்டுப் பழைமையை. பேஸ் கிட்டார் என்னும் மின்கருவியில் 'பிக்கப்' என்றொரு சிறு உறுப்பு உண்டு. அதைக் கழற்றிவிட்டு, '1962ஆம் ஆண்டின் ஒலி' தருவதாகச் சொல்லப்படும் வேறொன்றைப் பொருத்துகிறார்கள். இதற்கென்றே தனிச் சந்தை உண்டு. இலக்கிய வாசகர்க்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பழைமை என்பது பொருளில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா, கேட்பவர் செவியில் இருக்கிறதா என்னும் கேள்வி நம்முடையதும்தான்.

முதலில் கருவியைப் பார்ப்போம். ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பி. பிக்கப் என்பது இவ்வளவே. மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது; கலையும் புலம் சுருளில் மின்னோட்டத்தை எழுப்புகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட உண்மை இது. நூறாண்டு கழித்து, 1930களின் தொடக்கத்தில், ஜார்ஜ் போஷம்ப்பும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் அமெரிக்காவில் இதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தனர். அதே காலத்தில், 1931இல், ஜப்பானில் மிஷிமா தோகுஷிச்சி இரும்பு, நிக்கல், அலுமினியம் கலந்த வலிய நிலைக்காந்த உலோகத்தைக் கண்டறிந்தார். அதன் வழிவந்த 'ஆல்நிகோ'வே பிற்காலப் பிக்கப்புகளின் உயிர்நாடி.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951இல் 'பிரசிஷன் பேஸ்' என்ற கருவியை வெளியிட்டார். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த கலைஞர்க்கு அது தோளில் மாட்டும் கருவியாயிற்று. மெட்டுக்கட்டைகள் இருந்ததால் சுரம் துல்லியமாக விழுந்தது, பெயர்க்காரணம் அதுவே. முதலில் அதில் இருந்தது ஒற்றைச் சுருள். 1957இல் அதை இரண்டாகப் பிளந்து, இரு தந்திக்கு ஒரு சுருள் என அமைத்தார். 1960இல் இரண்டு பிக்கப்புகள் கொண்ட 'ஜாஸ் பேஸ்' வந்தது. இன்று விற்கும் 'பழைய பாணி' மாற்று உறுப்புகளில் பெரும்பாலானவை இம்மூன்றின் வழித்தோன்றல்களே.

மூன்றின் ஒலியும் மூன்று வகை. 1951ஆம் ஆண்டின் ஒற்றைச் சுருள் திறந்த குரலில் பேசும். ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஒரே காந்தத் துண்டு இருப்பதால் மீட்டும் கணத்தின் வெட்டு கூர்மையாக விழும். ஆனால் மின்கம்பிகளின் இரைச்சலையும் அது சேர்த்து வாங்கும். 1957க்குப் பிந்தைய பிளவுச் சுருளில் ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு காந்தத் துண்டுகள்; தந்தி அவற்றினிடையே ஆடுவதால் வெட்டு தணிகிறது. இரு சுருள்களும் எதிரெதிராக அமைந்திருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. மிருதங்கத்தின் தொப்பியை நன்றாகப் பதம் செய்து தட்டினாற்போன்ற நாதம் இதனுடையது. ஜாஸ் பேஸில் பின்பக்கப் பிக்கப் தந்தியின் முனைக்கு அருகில் இருப்பதால் மேற்சுரங்கள் மிகுந்து சற்றே மூக்கொலி கலந்து வரும். முன்பக்கத்தையும் சேர்த்தால் நடுப்பகுதி வற்றி, மேலும் கீழும் தெளியும்.

இரைச்சல் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியில் மூன்றாம் கட்டையில் பிறக்கும் சுரம் 49 ஹெர்ட்ஸ். நம் ஊர் மின்இரைச்சல் ஏறத்தாழ ஒரு சுரத்தின்மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது! காஞ்சிபுரத்தில் திருவிழாக் கால மெல்லிசை மேடைகளில் வண்ண விளக்குச் சரங்களுக்கு நடுவே நின்று ஒற்றைச் சுருளை வாசிப்பவர்க்கு இது ஏட்டுச் செய்தி அன்று, அன்றாடத் தொல்லை.

இனி 'மாற்று' என்ற சொல்லுக்கு வருவோம். 1965 தொடக்கத்தில் ஃபெண்டர் தம் நிறுவனத்தை சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்துக்கு விற்றார். அதற்குப் பின் வந்த கருவிகள் பழையவற்றைப் போல் இல்லை என்ற பேச்சு கலைஞரிடையே எழுந்தது. அந்த அதிருப்தியிலிருந்துதான் மாற்றுப் பிக்கப் தொழில் வளர்ந்தது. 1970களில் லாரி டிமார்ஸியோ முதலில் நாடியது பழைமையை அன்று, கூடுதல் வலிமையை. 1976இல் தொடங்கிய சீமோர் டங்கன் நிறுவனம் இரு வழியும் சென்றது: பழைய அளவிலேயே சுற்றிய 'வின்டேஜ்' ஒருபுறம், கால் அங்குலத் தடிமனுள்ள காந்தங்களைக் கொண்ட 'குவார்ட்டர் பவுண்ட்' மறுபுறம். 1982இல் ஃபெண்டர் நிறுவனமே 1957, 1962 மாதிரிகளை மறுபதிப்பாக வெளியிட்டது. பழைமையை அதை உண்டாக்கிய நிறுவனமே திரும்ப விற்கத் தொடங்கிய ஆண்டு அது.

இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவு. சுற்றுக்கள் கூடினால் வலிமை கூடும். ஆனால் சுருளின் ஒத்ததிர்வு கீழிறங்கி, உச்சத்துச் சுரங்கள் மங்கும். தடித்த காந்தமோ அடித்தளத்தையும் உச்சத்தையும் உயர்த்தி நடுப்பகுதியைப் பின்னுக்குத் தள்ளும். தனியாகக் கேட்கும்போது குவார்ட்டர் பவுண்ட் மலைப்பூட்டும். பத்துக் கருவிகளுக்கு நடுவே வைத்துக் கேட்டால், நடுப்பகுதி நிறைந்த பழைய வகையே தன் இடத்தை இழக்காமல் நிற்கும். பிறர் பேச இடம்விட்டுப் பேசுகிறவரின் குரல் சபையில் தெளிவாகக் கேட்பதைப் போன்றது இது.

சரி, அந்தப் பழைய சுருளில் அப்படி என்னதான் இருந்தது? பொறியாளர்கள் பலவற்றை அடுக்குவார்கள்: கம்பியின்மேல் பூசிய மெருகு, காந்தக் கலவை, மெழுகில் தோய்த்த பக்குவம். இவற்றோடு அவர்கள் சொல்லும் இன்னொன்று நம்மை நிறுத்துகிறது. அக்காலத்தில் இயந்திரம் சுழலும். கம்பியைச் சுருளில் வழிநடத்தியது மனிதக் கை. ஆயிரக்கணக்கான சுற்றுக்களும் ஒரே சீராக அடுக்கப்படாமல் சற்றே சிதறி விழுந்தன. அச்சிதறலால் சுற்றுக்களுக்கிடையிலான மின்தேக்கம் குறைந்து ஒலி தெளிந்தது. இன்று விலையுயர்ந்த மாற்று உறுப்புகளில் 'கையால் சிதறச் சுற்றியது' என்று பெருமையுடன் விளம்பரப்படுத்துகிறார்கள். ஒரு காலத்து வேலையாளின் கை நடுக்கம் இன்று சரக்கின் உயர்வாகிவிட்டது.

அந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. அபிகெயில் இபாரா என்பவர் 1956இல் ஃபெண்டர் தொழிற்சாலையில் சேர்ந்தவர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே பணியாற்றினார். பிற்காலத்தில் அவர் சுற்றிய சுருளில் அவரது முதலெழுத்துக்கள் இருந்தாலே விலை உயரும் நிலை வந்தது. அவரோடு அமர்ந்து சுற்றிய மற்றப் பெண்களின் பெயர்கள் அவ்வாறு பரவவில்லை.

காஞ்சிபுரத்தில் வாழும் நமக்கு இக்காட்சி அயலானதன்று. நெசவாளர் தெருக்களில் ராட்டையின் முன் அமர்ந்து ஊடைக்குத் தார் சுற்றுபவர்கள் பெண்களும் முதியவர்களுமே. தார் இறுகச் சுற்றினால் நூல் அறும். தளர்ந்தால் நெசவு தொய்யும். சரிகையோ இன்னும் நெருங்கிய உறவு: பட்டிழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன் பூசுகிறார்கள். அதுவும் ஒரு மையத்தைச் சுற்றிய கம்பிச் சுருள்தான். காஞ்சிப் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. உடலையும் கரையையும் கோர்வையால் இணைத்த சேலை எது, அசல் சரிகை எது என்று பிரித்தறியும் முறைகள் வந்துள்ளன. நல்லதே. ஆனால் குறியீடு ஊரைக் காக்கிறது. தார் சுற்றியவரின் பெயரைச் சேலை சுமப்பதில்லை.

தமிழ் இசைக்குப் பிக்கப் வந்த கதையிலும் இதே முடிச்சு உண்டு. வீணை தனம்மாள் (1867-1938) காலத்தில் வீணையின் நாதம் ஓர் அறைக்குள் அடங்குவது. கேட்பவர் அருகில் சென்றார்கள். அவரது பேத்தி பிருந்தா இசை கற்க வந்து சேர்ந்தது எங்கள் ஊர் நாயனாப் பிள்ளையிடம் (1889-1934). அந்தத் தலைமுறைக்கு நாதம் என்பது மரமும் விரலும் மிடறும் மட்டுமே. பின்னர்ச் சபாக்கள் பெருத்தன. வீணையும் ஒலிபெருக்கியை நாடிற்று. கிட்டார்ப் பிக்கப்பை அப்படியே பொருத்த முடியாது. காந்தம் எஃகை உணரும், வீணையின் பித்தளைத் தந்தியை உணராது. எனவே மரத்தின் அதிர்வை வாங்கும் 'கான்டாக்ட் மைக்' வந்தது. நாதம் நீண்டது, ஒரு மீட்டிலேயே நெடிய கமகம் பிடிக்க முடிந்தது. மரத்தின் மூச்சு குறைந்தது. பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014) மின்மாண்டலினில் இரட்டைத் தந்திகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக்கொண்டபோது, அந்தப் பெறுதலை முழுமையாகத் தமதாக்கிக்கொண்டார். பழைய ஒலியை அவர் தேடவில்லை. தம் கமகத்துக்கு வேண்டிய ஒலியைத் தேடினார்.

திரையிசையில் பேஸ் கிட்டார் ஓர் உபகரணம் என்ற நிலையிலிருந்து பாடலின் இன்னொரு குரலாக உயர்ந்தது 1976இல் 'அன்னக்கிளி'யோடு தொடங்கிய இளையராஜாவின் காலத்தில். மெட்டுக்குக் கீழே தனி மெட்டாக நடக்கும் அந்தக் கீழ்க்குரலை வாசித்தவர்களில் சசிதரனின் பெயரை இசை ஆர்வலர் அறிவர். 1990களில் ஏ.ஆர். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ். தேநீர்க்கடை வானொலியிலும் கேசட் கருவியிலும் நாம் இவர்களைக் கேட்டோம். உண்மையில் அந்தச் சிறிய ஒலிபெருக்கிகளால் 41 ஹெர்ட்ஸ் அளவிலான கீழ்ச்சுரத்தை எழுப்பவே இயலாது. மேற்சுரங்களைக் கேட்டு அடிச்சுரத்தை நம் மனமே இட்டு நிரப்பிக்கொண்டது. நாம் ஏங்கும் 'பழைய ஒலி'யில் ஒரு பாதி நம் செவி இயற்றியது.

இன்னொரு பாதி கையினுடையது. அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனைச் சான்றாகக் கொள்ளலாம். 1962ஆம் ஆண்டுப் பிரசிஷன் பேஸ். ஆண்டுக்கணக்கில் மாற்றாத தட்டைச் சுற்றுத் தந்திகள். பாலத்தருகே ஒரு பஞ்சுத் துண்டு. வலக்கையில் ஒரே சுட்டுவிரல். 1962இன் ஒலி என்று இன்று விற்பனையாவதில் பெரும்பகுதி அந்த மனிதரின் ஒலி. அவரது கருவி களவுபோனது; சில நாட்களில், 1983இல், அவரும் மறைந்தார். மோட்டவுன் இசைத்தட்டு உறைகளில் நெடுங்காலம் அவர் பெயர் இல்லை. பாடலை அறிந்த கோடிக்கணக்கானோர் விரலை அறியவில்லை. நம் திரைப்பாடல் தட்டுகளும் கேசட்டுகளும் பெரும்பாலும் அப்படியே வெளிவந்தன: பாடகர் உண்டு, கவிஞர் உண்டு, இசையமைப்பாளர் உண்டு, வாசித்தவர் இல்லை.

இராசராசன் தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். ஒவ்வொருவர் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும், பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதும் கல்லில் உள்ளன. உடுக்கை, வீணை வாசித்தோர்க்கும் பங்கு உண்டு. அவர்கள் எழுப்பிய ஒலி ஒன்றும் மிஞ்சவில்லை, பெயர் மிஞ்சியிருக்கிறது. நமக்கு நேர்ந்திருப்பதோ அதன் தலைகீழ்: ஒலி ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒலிக்கிறது, பெயர் தேய்கிறது.

எனவே பழைய பாணிச் சுருளைப் பொருத்துவோரை நாம் குறைசொல்லவில்லை. அது பொய்ச்சரக்கு அன்று. அளவறிந்து சுற்றினால் பழைய நாதத்தின் அருகில் கொண்டுபோய் நிறுத்தும். அதற்கு மேல் செல்ல விரலையும், விரலுக்குரியவரையும் அறிய வேண்டும். சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாசித்தோர் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். எந்தப் பாடலில் யார், எந்தக் கருவியில், எந்தத் தந்தியில் வாசித்தார் என்று அவர்களிடமே கேட்டு எழுதிவைக்க இன்னும் காலம் இருக்கிறது. விபுலானந்த அடிகளுக்குக் கேட்பதற்கு ஒரு யாழ்ப்பாணரும் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறார்கள்.