பேரேட்டில் ஒரு தழும்பு

நதி மூலமும் ரிஷி மூலமும் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சாதாரண மனிதனின் மூலத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, தாத்தாவுக்குத் தாத்தா பெயர் என்ன என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் மோட்டுவளையைப் பார்க்கிறோம். சொந்த மண்ணில் இருப்பவனுக்கு அது ஒரு குறையாகவே தோன்றுவதில்லை. கடல் கடந்து போனவனின் கொள்ளுப்பேரனுக்கோ அது தீராத தாகம்.

ஆங்கிலேயர் தங்கள் குடியேற்ற நாடுகளில் 1834-ல் அடிமை முறையை ஒழித்தார்கள். அடிமைகள் விடுதலை பெற்றார்களே தவிர, கரும்பு வளர்வதை நிறுத்தவில்லை. வெட்டுவதற்குக் கைகள் வேண்டும். அந்தக் கைகளை இந்தியாவில் தேடினார்கள். முதலில் மொரீஷியஸ் தீவுக்கும், பிறகு தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் போனார்கள். 1860 நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911-ல் ஆள் அனுப்புவது நிற்கும் வரையில் நேட்டாலுக்குச் சென்றவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். தொடக்கத்தில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. திரும்பி வந்தவர்கள் உண்டு, வராதவர்களே அதிகம்.

போனவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பேரேட்டில் பதிந்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், கடைசியில் அங்க அடையாளம். முழங்காலில் ஒரு தழும்பு, நெற்றியில் ஒரு மச்சம் என்று அதையும் விடாமல் குறித்தார்கள். அன்பினால் அல்ல. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிக்க வேண்டுமே! ஆனால் காலத்தின் வேடிக்கையைப் பாருங்கள். ஓடிப் போகிறவனைப் பிடிக்க எழுதிய அதே வரியை வைத்துக்கொண்டு, இன்று கொள்ளுப்பேரன் தன் பாட்டனைத் தேடிப் பிடிக்கிறான். டர்பனில் காந்தி-லுத்துலி ஆவண நிலையத்திலும், மொரீஷியஸில் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்திலும் இந்தப் பதிவுகளைத் தேடலாம். மோக்காவில் பலருடைய புகைப்படங்கள்கூட இருக்கின்றன.

பேரேடு கிடைத்துவிட்டால் புதிர் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அங்கேதான் தொடங்குகிறது. எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்ததே எழுத்தில் ஏறியது. கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார். இன்னொரு சிக்கல், நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாதது. முனுசாமி மகன் பெருமாள் என்று ஒருவன் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். அவன் பிள்ளைக்குத் தகப்பன் பெயரான பெருமாளே குடும்பப் பெயராகப் பதிவாகிவிடும். அடுத்த தலைமுறைகளிலும் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். கொள்ளுப்பேரன் பெருமாளைத் தேடி வருகிறான். பேரேட்டிலோ பெருமாள்களுக்குக் கணக்கில்லை.

இந்த இடத்தில் கை கொடுப்பது நம்முடைய பழைய வழக்கம் ஒன்று. பாட்டன் பெயரை மூத்த பேரனுக்கு இடுவோம். பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் அவன் பெயரன், அதாவது பேரன். ஆகவே பெருமாளின் மூத்த பிள்ளை முனுசாமியாக இருந்தால், பேரேட்டில் உள்ள பெருமாள்களில் தகப்பன் பெயர் முனுசாமி என்று எழுதியிருப்பவனை முதலில் பார்க்க வேண்டும். குலதெய்வமும் உதவும். ஊரின் பெயரை மறந்த குடும்பத்திலும் குழந்தைகளுக்குப் பச்சையம்மாள், மன்னார்சாமி என்று பெயர் வைக்க மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பெயர்கள் வடதமிழ்நாட்டுப் பக்கம் கையைக் காட்டும்.

ஊரைப் பிடிப்பது அடுத்த கஷ்டம். பேரேட்டில் வடஆற்காடு ஜில்லா என்று இருக்கும். அந்த ஜில்லா இன்று இல்லை. 1911-ல் சித்தூர் தனியே பிரிந்தது. அது இப்போது ஆந்திரத்தில் இருக்கிறது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-ல் வேலூரும் மூன்றாக உடைந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வந்தன. இதற்குள் புதூர் என்றும் நல்லூர் என்றும் எத்தனை கிராமங்கள்! தாலுகாவின் பெயரை விட்டுவிட்டால் தேடுகிறவன் ஊர் ஊராக அலைய வேண்டியதுதான்.

சாதி என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்பிவிட முடியாது. கப்பலேறும்போது பெயரை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. சாதியை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. வம்சப் பெருமையைத் தேடிப் போகிறவனுக்கு ஏமாற்றம் காத்திருக்கலாம். மனிதனைத் தேடிப் போகிறவனுக்கு ஏமாற்றமில்லை.

பெண்களின் கதை இன்னும் ஆழமானது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது போக வேண்டும் என்று விதி இருந்தது. விதவைகளும், புருஷன் கைவிட்டவர்களும், வீட்டில் இருக்கப் பொறுக்காதவர்களும் தனியாகக் கப்பலேறினார்கள். அப்படிப் போனவளின் பெயரை அவள் பிறந்த வீட்டில் பிறகு யார் உச்சரித்திருப்பார்கள்? நம் வம்சாவளிகளில் வீட்டோடு இருந்த பெண்களுக்கே இடம் கிடையாது; ஓடிப் போனவளுக்கா கிடைக்கும்? வீடு துடைத்துவிட்ட அந்தப் பெயரைத் துரைமாரின் கூலிக் கணக்கு காப்பாற்றி வைத்திருக்கிறது. அவளுக்கு ஒரு தகப்பன் இருந்தான், ஓர் ஊர் இருந்தது என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914-ல் பதினாறு வயதில் உயிர் நீத்த வள்ளியம்மை ஒப்பந்தக் கூலியின் மகள் அல்ல. தில்லையாடியை அவள் கண்ணால் கண்டதும் இல்லை. ஆனாலும் அந்த ஊரின் பெயர் அவள் பெயரோடு சேர்ந்துவிட்டது. 1915-ல் காந்தியடிகளே அந்த ஊருக்கு வந்தார். சரித்திரம் அவளுக்குச் செய்ததை மற்றவர்களுக்கு அவரவர் சந்ததிதான் செய்ய வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து வருகிறவர்கள் கையில் புதிரின் பாதி இருக்கிறது. மறுபாதி இங்கே இருக்கிறது. "எங்க பெரிய பாட்டனார் ஒருத்தர் அக்கரைக்குப் போனார், திரும்பவே இல்லை" என்று வீட்டுக் கிழவி சொல்லும் ஒற்றை வாக்கியத்தில் அது ஒளிந்திருக்கும். அதை யாரும் எழுதி வைப்பதில்லை. கிழவியோடு அதுவும் போய்விடுகிறது. சொல்லுகிறவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். முழங்காலில் தழும்பு இருந்தது என்பது டர்பனில் பதிவாகியிருக்கிறது. எந்தப் புளியமரத்திலிருந்து விழுந்து அந்தத் தழும்பு வந்தது என்பதை நம் திண்ணைதான் சொல்ல வேண்டும்.