உடன்பிறந்தார் பிரிவும் கூடலும்: திரையிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும்

முதிரமலைத் தலைவனாகிய குமணனின் கதையைத் தமிழ் கற்றோர் நன்கறிவர். தம்பி இளங்குமணன் நாட்டைக் கைப்பற்றிக்கொள்ள, அண்ணன் காடு புகுந்தான். அங்கும் அவனைத் தேடிப் பரிசில் வேண்டி வந்தார் பெருந்தலைச் சாத்தனார். கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாத நிலையில், தன் தலையைக் கொண்டுசென்று தம்பியிடம் பொருள் பெறுமாறு வாளை நீட்டினான் அவ்வள்ளல். வாளை வாங்கிய புலவர் தலையைக் கொய்யவில்லை. அவ்வாளோடு தம்பியின் அவைக்குச் சென்று, நிகழ்ந்ததை எடுத்துரைத்தார். புறநானூற்றின் 165ஆம் பாட்டு இந்நிகழ்ச்சியைச் சொல்கிறது. புலவரின் முயற்சியால் உடன்பிறந்தார் இருவரும் மீண்டும் கூடினர் என்பது வழிவழியாக வரும் செய்தி.

அதே நூலின் 45ஆம் பாட்டும் இத்தகையதே. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி கதவடைத்து உள்ளே இருந்தான். இருவருமே சோழர், இருவர் சூடியதும் ஆத்தி மாலையே. இருவரில் எவர் தோற்றாலும் தோற்பது ஒரே குடிதான் என்று எடுத்துக்காட்டிச் சந்து செய்தார் கோவூர்கிழார்.

இவ்விரு செய்திகளிலும் பொதுவாக உள்ள ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். பிரிந்தவர் தாமாகக் கூடவில்லை. இடையே ஒருவர் சென்று நின்றார். அவர் கையில் சொல் இருந்தது. இவ்வுண்மையை மனத்தில் கொண்டு, உடன்பிறந்தார் பிரிந்து கூடும் கதை தமிழ்த் திரையில் எவ்வாறு வளர்ந்தது என்பதையும், கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அதைக் கண்டு கண்ணீர் விட்ட மக்களின் வாழ்வோடு அது எவ்வாறு பொருந்தியது என்பதையும் காணலாம்.

திரையில் வளர்ந்த கதை

தமிழ்த் திரை தொடக்கக் காலத்திலேயே இக்கருவைப் பற்றிக்கொண்டது. 1940ஆம் ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டையரான இளவரசர் இருவராகவும் பி. யு. சின்னப்பாவே நடித்தார். 1949இல் ஜெமினி நிறுவனத்தின் ‘அபூர்வ சகோதரர்கள்’ வெளிவந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமாவின் கதையைத் தழுவிய அப்படத்தில் எம். கே. ராதா இரட்டை வேடம் பூண்டார். குடும்பம் பகைவனால் அழிக்கப்பட, ஒருவன் நகரிலும் ஒருவன் காட்டிலும் வளர்கிறான். வாள்வீச்சும் பழிவாங்கலும் நிறைந்த இக்கதையின் உயிர்நிலை, பிரிந்த இருவர் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும் காட்சியே ஆகும்.

பத்தாண்டு கழித்து, 1959இல், ஏ. பீம்சிங் இயக்கிய ‘பாகப்பிரிவினை’ வந்தது. இதில் வாள் இல்லை, காடும் இல்லை. ஒரு கூட்டுக் குடும்பம். அண்ணன் தம்பியாக டி. எஸ். பாலையாவும் எஸ். வி. சுப்பையாவும் நடித்தனர், ஊனமுற்ற இளைஞனாகச் சிவாஜி கணேசன் நடித்தார். வீடு இரண்டாகிறது, நடுவே சுவர் எழுகிறது. பகைவன் வெளியே இருந்து வந்து பிரித்த நிலை மாறி, குடும்பத்தினுள்ளேயே பிரிவு முளைக்கும் நிலையை இப்படம் காட்டியது.

1965இல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யிலும் 1975இல் வந்த ‘நாளை நமதே’யிலும் எம். ஜி. இராமச்சந்திரன் இரட்டை வேடத்தில் தோன்றினார். பின்னதில் பெற்றோர் கொலையுண்டபின் திசைக்கொருவராய்ச் சிதறிய உடன்பிறந்தாரை ஒரு குடும்பப் பாடல் ஒன்று சேர்க்கிறது. 1988இல் மணிரத்னம் இயக்கிய ‘அக்னி நட்சத்திரம்’ வேறொரு சிக்கலை முன்வைத்தது. தந்தை ஒருவர், தாயர் இருவர். காவல்துறை அதிகாரியான ஒரு மகனும் உரிமைக்காகக் குமுறும் மற்றொரு மகனும் தெருவில் மோதிக்கொள்கின்றனர். தந்தையின் உயிருக்கு ஆபத்து நேரும்போதுதான் அவ்விருவரும் ஒன்றாக நிற்கின்றனர். 1991இல் அதே இயக்குநரின் ‘தளபதி’ கர்ணன் கதையையே இக்கால நகரத்தில் நிறுத்திக் காட்டியது.

இவற்றை ஒருசேர நோக்கினால் பிரிவுக்கான காரணம் காலந்தோறும் மாறி வந்தமை புலனாகும். முதலில் ஊழும் பகைவனும். அடுத்து மண்ணும் பொருளும். அதன்பின் பிறப்பும் உரிமையும். கூடலுக்கான வழி மட்டும் பெரிதும் மாறவில்லை. ஓர் அடையாளம், ஒரு பாடல், தாய் தந்தையரின் கண்ணீர், இறுதியில் ஒரு சண்டை. மூன்று மணி நேரத்தில் சுவர் எழுந்து, மூன்று மணி நேரத்திலேயே சுவர் விழுந்துவிடும்.

திடலில் விரிந்த வெண்திரை

இப்படங்கள் கடல் கடந்து மலாயாவுக்கு வந்தன. கோலாலம்பூர் பத்து சாலையில், இன்றைய துவாங்கு அப்துல் ரகுமான் சாலையில், 1920களின் தொடக்கத்திலிருந்து நிற்கும் கொலிசியம் திரையரங்கு தமிழ்ப்படம் பார்த்தோரின் நினைவில் நீங்கா இடம்பெற்றது. இரயில்வே ஊழியர் நிறைந்த பிரிக்பீல்ட்சிலும் துறைமுகத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வந்து கூடிய கிள்ளானிலும் தமிழ்ப்படங்களுக்குத் திரளான கூட்டம் இருந்தது. நகருக்கு வர இயலாதவர்க்குத் தோட்டத் திடலே திரையரங்கு. இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டி, பாயும் சாக்கும் விரித்து, குழந்தைகளை மடியில் கிடத்தி மக்கள் படம் பார்த்தனர்.

அண்ணன் தம்பியர் கட்டித் தழுவும் காட்சியில் அத்திடலில் எழுந்த விம்மலுக்குக் கதை மட்டும் காரணமன்று. பார்த்தவர் பலருக்கு அது தம் வீட்டுச் செய்தி. தமிழகத்துச் சிற்றூரில் ஒரு மகனை நிலத்துக்கும் பெற்றோருக்குமென நிறுத்திக்கொண்டு, மற்றொரு மகன் கங்காணியின் பின்னே கப்பலேறிய குடும்பங்கள் எண்ணற்றவை. சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றே வந்தனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. 1941இன் இறுதியில் சப்பானியப் படை மலாயாவுள் புகுந்தபின் கடிதப் போக்குவரத்தும் அற்றது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழருள் திரும்பாதவர் பலர். அண்ணன் போய்த் தம்பி எஞ்சிய வீடுகள் உண்டு. இருவரும் போய்த் தாய் மட்டும் எஞ்சிய வீடுகளும் உண்டு. போர் முடிந்தபின், 1953இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாக வருவோர்க்குக் கதவைப் பெரிதும் அடைத்தது. கடலின் இருகரையிலும் நின்ற உடன்பிறந்தார்க்கு, பிரிந்தவர் கூடும் படம் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருக்க முடியுமா?

சட்டம் எழுப்பிய சுவர்

‘பாகப்பிரிவினை’யில் வீட்டின் நடுவே எழுந்த சுவரைப் போன்ற ஒன்று இந்நாட்டிலும் எழுந்தது. அதைக் கட்டியவர் எவரும் குடும்பத்தினர் அல்லர். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றது. அந்நாளிலும் அதன்பின்னும் இங்குப் பிறந்தவர்க்குப் பிறப்பினாலேயே குடியுரிமை உண்டென அரசியலமைப்புச் சட்டம் வகுத்தது. 1962இல் செய்த திருத்தம் பெற்றோரின் நிலையையும் கருதும் கட்டுப்பாட்டைச் சேர்த்தது. விடுதலைக்கு முன் பிறந்தோர் பலர் விண்ணப்பித்தே குடியுரிமை பெற வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமையாலும், விதிகளை அறியாமையாலும், தோட்டத்தை விட்டு ஒருநாள் வேலையிழந்து அலுவலகம் செல்ல இயலாமையாலும் பலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டனர்.

இதன் விளைவு 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வெளிப்பட்டது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமச் சீட்டுப் பெற வேண்டும் என்றது அச்சட்டம். 1969, 1970ஆம் ஆண்டுகளில் அது தோட்டப்புறங்களைத் தாக்கியது. ஒரே தாய் வயிற்றில், ஒரே லயத்தில் பிறந்த இருவரில் மூத்தவன் கையில் சிவப்பு அடையாள அட்டை. இளையவன் கையில் நீல அட்டை. பால்மரம் சீவிய அண்ணன் வேலை இழந்தான். தம்பி அதே நிரையில் தொடர்ந்து மரம் சீவினான். தாம் பிறந்திராத, கண்டிராத ஊரை நோக்கிப் பல்லாயிரவர் கப்பலேறினர். திரையில் இரட்டையரைப் பிரிப்பவன் கொடியவன். அவனை அடையாளம் காண்பது எளிது. இங்கோ பிரித்தது ஒரு தாளும் ஒரு தேதியும். எதிர்த்துச் சண்டையிட ஆளில்லை.

நிலமும் நிலையாக இருக்கவில்லை. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. இதைத் தடுக்கும் பொருட்டு 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறு தவணைகளில் செலுத்திய பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது அச்சங்கம். சிதறவிருந்த குடும்பங்கள் சில ஓரிடத்தில் நின்றன. பிரிக்பீல்ட்சின் முதன்மைச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பது பொருத்தமே. கோவூர்கிழார் செய்த பணிக்கு இதுவும் ஒருவகையில் உறவானதே எனலாம்.

நகரத்து உடன்பிறப்புகள்

1980களிலும் 1990களிலும் சிதறல் வேறு வடிவம் கொண்டது. கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் சாலைகளாகவும் மாறின. இன்றைய புத்ராஜெயா நகரமும் பிராங் பெசார் தோட்டம் இருந்த நிலத்தில் எழுந்ததே. தோட்டத் தொழிலாளிக்கு வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போன நாளில் வீடும் போயிற்று. லயத்து வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்த அண்ணன் தம்பியர் புறம்போக்கு நிலங்களிலும் மலிவு விலை அடுக்கு வீடுகளிலும் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கினர். கோயிலும் பள்ளியும் திடலும் மூத்தோர் சொல்லும் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தது. அதன்பின் ஒரே குடும்பத்தில் ஒருவன் ஆலைக்கும், ஒருவன் குண்டர் கும்பலுக்கும், ஒருவன் போதைக்கும் போனமை வியப்பன்று.

இந்நிலையை இந்நாட்டுத் தமிழரே திரையில் சொல்லத் தொடங்கினர். தீபக் குமரன் மேனன் 2005இல் ‘செம்மண் சாலை’யில் தோட்டக் குடும்பத்தையும், 2007இல் ‘சலங்கை’யில் பிரிக்பீல்ட்சு வாழ்வையும் காட்டினார். தந்தை பிரிந்து சென்ற வீடு, பூ விற்கும் தாய், கார் கழுவும் மகன், நடனம் கற்க ஏங்கும் மகள் என அமைந்தது பின்னது.

2015ஆம் ஆண்டு திசம்பரில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ வெளிவந்தது. தீயவன் எனப் பொருள்படும் மலாய்ச் சொல் இந்நாட்டுத் தமிழர் நாவில் பெற்ற வடிவமே அப்பெயர். கதை 1990களின் தொடக்கத்தில் நிகழ்கிறது. அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். கற்பனை மிக்கவன், குறும்பன். அவன் தந்தை மணியம் உழைத்து, மகனைப் படிக்கவைத்துவிட வேண்டும் எனத் துடிப்பவர். தந்தையின் உடன்பிறந்தாருள் ஒருவன் ‘மெக்சிகோ’ என்னும் பெயர் பெற்ற குண்டர் கும்பலினன். மற்றொருவன் பாலா, போதையில் வீழ்ந்து மீள முயல்பவன். தோட்டம் சிதறியபின் உடன்பிறந்தார் மூவர் மூன்று பாதையில் நிற்க, அம்மூன்று பாதையும் ஒரு சிறுவனின் முன் விரிகின்றன.

பழைய படங்களோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். இங்கு உடன்பிறந்தார் ஒருவரை ஒருவர் அறியாதவர் அல்லர், நாள்தோறும் காண்பவர்கள். ஆயினும் அவர்களிடையே தொலைவு இருக்கிறது. மறுவினால் அடையாளம் காட்டவோ பாடலால் ஒன்று சேர்க்கவோ இயலாத பிரிவு இது. அனைவரும் கூடி நின்று சிரிக்கும் இறுதிக் காட்சியை இப்படம் தரவில்லை. இனி இழப்பதற்கு அடுத்த தலைமுறை இருக்கிறது என்பதையே அது நினைவூட்டுகிறது.

நாடென்னும் குடும்பம்

இப்படத்தைச் சூழ்ந்து மற்றொரு பாகப்பிரிவினையும் நிகழவிருந்தது. 2016ஆம் ஆண்டு 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் அல்லாத மொழிப் படங்களுக்கெனத் தனிப்பிரிவு அமைத்து, ‘ஜகாட்’ படத்தையும் ‘ஓலா போலா’ படத்தையும் அதில் சேர்த்தனர். இந்நாட்டு மண்ணில், இந்நாட்டார் எடுத்த படம் மொழியால் வேற்றாள் ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. மலாய்க் கலைஞர் பலரே முன்வந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். முடிவில் சிறந்த படத்துக்கான பரிசு எம்மொழிப் படத்துக்கும் உரியதெனத் திறந்துவிடப்பட்டது. அப்பரிசைப் பெற்றது ‘ஜகாட்’. ஒரு வீட்டில் எழவிருந்த சுவரை அவ்வீட்டாரே தடுத்து நிறுத்திய நிகழ்ச்சி அது. தடுத்தவர் சொல்லையே கருவியாகக் கொண்டனர்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இவ்வரலாறு உணர்த்துவது என்ன? பிரிவுக்குத் தனி மனிதரின் குணக்கேடு மட்டுமே காரணமன்று. நிலமும் சட்டமும் வேலையும் உடன்பிறந்தாரைப் பிரிக்க வல்லன. ஆதலின் கூடலும் தனி மனிதரின் கண்ணீரால் மட்டும் வந்துவிடாது. திரைப்படம் மூன்று மணி நேரத்தில் முடித்துவைப்பதை வாழ்க்கை முப்பது ஆண்டாயினும் முடித்துவைப்பதில்லை. குமணனுக்கும் இளங்குமணனுக்கும் இடையே ஒரு சாத்தனார் நடந்து சென்றார். அவர் கையில் இருந்த வாள் வெட்டுவதற்குப் பயன்படவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளிகளில் அப்போயைப் போன்ற சிறுவர் இன்றும் பின்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். தந்தையின் பாதையும் சிற்றப்பனின் பாதையும் அவர்கள்முன் கிடக்கின்றன. அவர்களுக்கும் சிதறிய குடும்பத்துக்கும் இடையே நடந்து செல்லும் கடமை, புலவர் வழியில் வந்த ஆசிரியர்க்கே முதலில் உரியது. புறநானூற்றைக் கற்பிக்கும் வகுப்பறையில் அக்கடமை தொடங்கட்டும்.