தமிழ்நாட்டில் மரணதண்டனை எதிர்ப்பு இயக்கம்

தமிழ்நாட்டில் மரணதண்டனை எதிர்ப்பு இயக்கம் என்பது, இந்தியச் சட்டத்திலிருந்து தூக்குத்தண்டனையை நீக்கக் கோரி மனித உரிமை ஆர்வலர்கள், வழக்கறிஞர்கள், மாணவர்கள், தமிழ் அமைப்புகள் முதலியோர் நடத்திய மக்கள் முயற்சிகளைக் குறிக்கும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்றோரின் உயிர்காக்க எழுந்த போராட்டம் இவற்றுள் முதன்மையானது.

பின்னணி

1991 மே 21 அன்று, சென்னைக்குத் தென்மேற்கே உள்ள திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். பொதுமக்களும் காவலர்களும் உடன் உயிரிழந்தனர். 1998 சனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கு மரணதண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பேரறிவாளன், முருகன், சாந்தன், நளினி ஆகிய நால்வருக்கு மட்டும் அதனை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனை அளித்து, 19 பேரை விடுவித்தது. 2000இல் நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது.

வாக்குமூலம் பற்றிய சர்ச்சை

காவல்துறை அதிகாரியிடம் அளிக்கப்படும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கத் தடா சட்டம் இடமளித்தது. இவ்வழக்கிற்குத் தடா குற்றப்பிரிவுகள் பொருந்தா எனக் கூறிய உச்ச நீதிமன்றம், அச்சட்டத்தின்கீழ் பெற்ற வாக்குமூலங்களை ஏற்றுக்கொண்டது. மின்கலங்கள் எதற்காக வாங்கப்பட்டன என்பது தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியதைத் தாம் பதிவு செய்யவில்லை என, வாக்குமூலம் பெற்ற ஓய்வுபெற்ற அதிகாரி 2013இல் தெரிவித்தார். திருத்தவியலாத தண்டனையை விதிக்கலாகாது என்ற இயக்கத்தின் வாதத்திற்கு இது வலுவூட்டியது.

2011 போராட்டம்

மூவரின் கருணை மனுக்கள் பதினோராண்டுக் காத்திருப்பிற்குப் பின் 2011 ஆகத்தில் நிராகரிக்கப்பட்டு, செப்டம்பர் 9 தூக்கிலிடும் நாளாகக் குறிக்கப்பட்டது. சென்னை கோயம்பேட்டில் பெண் வழக்கறிஞர்கள் மூவர் உண்ணாநிலை மேற்கொண்டனர். ஆகத்து 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து உயிரிழந்தார். ஆகத்து 30 அன்று, தண்டனையை மறுபரிசீலிக்கக் குடியரசுத் தலைவரைக் கோரும் தீர்மானத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அன்றே சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை எட்டு வாரங்களுக்கு நிறுத்தி வைத்தது. பேரறிவாளனின் தாயார் அற்புதம்மாள் ஊர் ஊராகச் சென்று ஆதரவு திரட்டியமை குறிப்பிடத்தக்கது.

தண்டனைக் குறைப்பும் விடுதலையும்

கருணை மனுவின் மீது முடிவெடுப்பதில் நேர்ந்த நெடுங்காலத் தாமதத்தைக் காரணம் காட்டி, 2014 பெப்ரவரி 18 அன்று தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு மூவரின் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்தது. 2022 மே 18 அன்று பேரறிவாளனும், நவம்பர் 11 அன்று ஏனைய அறுவரும் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். சாந்தன் 2024 பெப்ரவரியில் சென்னையில் காலமானார்.

மாற்றுக் கருத்துகள்

இவ்விடுதலைகளைக் காங்கிரசுக் கட்சி கண்டித்தது. குண்டுவெடிப்பில் உறவினரை இழந்தோர் சிலரும், தம் இழப்பு மறக்கப்பட்டதாக வருந்தினர்.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர், 1995இல் சேலம் நடுவண் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் ஆவார். தீவிரவாதம், போர் தொடர்பான குற்றங்கள் தவிர ஏனையவற்றிற்கு மரணதண்டனையை நீக்குமாறு 2015இல் இந்தியச் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. எனினும் 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையிலும் மரணதண்டனை இடம்பெற்றுள்ளது. மூவரின் உயிர் காக்கப்பட்டபோதும், சட்டத்தை மாற்றும் இயக்கத்தின் அடிப்படை நோக்கம் நிறைவேறவில்லை.