திருமணக் கண்காட்சியில் பூத் எடுக்கப் போகிறீர்களா? பினாங்குப் புகைப்படக் கலைஞர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை

கேமரா இருக்கிறது. சொந்தக்காரர் கல்யாணம் நாலைந்து எடுத்தாயிற்று. இன்ஸ்டாகிராமில் லைக் வருகிறது, வேலைதான் வரவில்லை. இந்த நிலையில் இருக்கும் இளம் புகைப்படக் கலைஞர் நீங்கள் என்றால், "வெடிங் ஃபேர்ல ஒரு பூத் போட்டுப் பாரேன்" என்று யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள்.

யோசனை நல்லதுதான். கல்யாணத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடி வருகிறவர்களை ஒரே இடத்தில் பார்ப்பது வேறு எங்கும் எளிதல்ல. ஆனால் வாடகை கட்டுவதற்கு முன் சில விஷயங்களைச் சரிபார்க்காவிட்டால், இரண்டு நாள் நின்று கால் வலித்ததுதான் மிச்சமாகும்.

எந்தக் கண்காட்சி?

பேரங்காடியின் நடுக்கூடத்தில் நடக்கும் கண்காட்சிகளில் பெரும்பாலும் பிரைடல் ஹவுஸ்கள்தான் இடம் பிடித்திருக்கும். கவுன், மேக்கப், படம் மூன்றையும் ஒரே பேக்கேஜாக விற்பவை அவை. கோயில் கல்யாணம் எடுக்கும் உங்களுக்கு அங்கே வரும் கூட்டம் பெரிதாக உதவாது. பட்டுப்புடவை, மணவறை அலங்காரம், சாப்பாட்டு கேட்டரிங் எல்லாம் இருக்கும் இந்தியர் திருமணக் கண்காட்சி என்றால் கதை வேறு.

ஏற்பாட்டாளரிடம் கூசாமல் கேளுங்கள். மொத்தம் எத்தனை புகைப்படக்காரர்களுக்கு இடம் கொடுக்கிறீர்கள்? என் பூத் எங்கே வரும்? பக்கத்தில் யார்? புடவைக் கடைக்கும் மேக்கப் கலைஞருக்கும் நடுவில் கிடைக்கும் சின்ன இடம், நுழைவாயிலில் இருக்கும் பெரிய இடத்தைவிட மேல். உள்ளே நுழைகிறவர்கள் வேகமாக நடப்பார்கள். புடவை பார்க்கிறவர்கள்தான் நிற்பார்கள்.

காசுக் கணக்கையும் போட்டுவிடுங்கள். உதாரணத்துக்கு, பூத் வாடகை 1,500 ரிங்கிட், பிரின்ட் மற்றும் மேசை அலங்காரம் 700, உதவிக்கு வருபவருக்கு 300. ஆக 2,500 ரிங்கிட். ஒரு கல்யாணத்துக்கு நீங்கள் 4,000 ரிங்கிட் வாங்கி, இரண்டாவது கேமராமேன், எடிட்டிங், ஆல்பம், பெட்ரோல் எல்லாம் போக 1,250 ரிங்கிட் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கல்யாணம் கிடைத்தால் போட்ட காசு திரும்பும். மூன்றாவதில்தான் லாபம். உங்கள் சொந்த எண்களை இதே மாதிரி போட்டுப் பாருங்கள். நாலைந்து கல்யாணம் கிடைத்தால்தான் போட்டது திரும்பும் என்று வந்தால், இந்த வருஷம் பூத் வேண்டாம். பார்வையாளராகப் போய் சுற்றிவிட்டு வாருங்கள்.

நீங்கள் விற்பது தேதியை

நம்மவர் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. மலேசியாவில் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்துகொள்கிறது. ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் சொந்தபந்தம் வர வேண்டும் என்பதால் சனி, ஞாயிறுதான் வசதி. முகூர்த்தமும் வாரக்கடைசியும் சேர்ந்து வரும் நாள்கள் ஓர் ஆண்டில் கொஞ்சம்தான். எல்லாரும் அதே நாள்களைத்தான் கேட்பார்கள், நீங்களோ ஒரே ஆள்.

அதனால் யாராவது வந்து "அண்ணா, பேக்கேஜ் எவ்வளவு?" என்று கேட்டால், விலையைச் சொல்வதற்கு முன் "தேதி முடிவாயிருச்சா?" என்று கேளுங்கள். அடுத்த இரண்டு வருஷத்துக்கு முகூர்த்த நாள்கள் குறித்த காலண்டர் மேசையிலேயே இருக்கட்டும். எடுத்துவிட்ட தேதிகளை அதில் அடித்து வையுங்கள். பத்து தேதி அடிபட்டிருப்பதைப் பார்க்கும் அம்மாவுக்கு நீங்கள் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. கேட்ட தேதி ஏற்கெனவே போய்விட்டது என்றால், நம்பிக்கையான வேறொரு புகைப்படக்காரரின் பெயரைக் கொடுங்கள். அவரும் நாளைக்கு அதையே செய்வார்.

காலியாக இருக்கும் நாள்களுக்கும் வழி உண்டு. தமிழ்க் கிறிஸ்துவர்களுக்கும் தமிழ் முஸ்லிம்களுக்கும் பஞ்சாங்கக் கணக்கு கிடையாது. ஆடி மாதத்தில் உங்கள் கேமரா சும்மா இருக்க வேண்டியதில்லை. அதேபோல் பதிவுத் திருமணம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வழக்கமாக, விண்ணப்பித்த பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும். கோயில் கல்யாணத்துக்குப் பல மாதம் முன்பே பதிவை முடித்துவிடும் ஜோடிகள் நிறைய. ஒரு மணி நேர வேலைதான், பெரிய காசும் இல்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் எப்படிப் பழகினீர்கள், படத்தை எத்தனை நாளில் கொடுத்தீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பெரிய கல்யாணத்தைக் கொடுப்பார்கள். கண்காட்சியில் தயங்கி நிற்கும் ஜோடியிடம் முதலில் இதைப் பேசிப் பாருங்கள்.

மேசையில் என்ன வைப்பது?

லெபோ ஆர்மேனியன் சைக்கிள் சுவரோவியத்தின் முன் ஒரு ஜோடி, சியூ ஜெட்டியில் இன்னொரு ஜோடி. அந்த ஓவியம் 2012இல் வரையப்பட்டதிலிருந்து இதே படத்தை எல்லார் பூத்திலும் பார்க்கலாம். அழகுதான், ஆனால் உங்களை அடையாளம் காட்டாது.

ஒரே ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தை, அச்சடித்து, வையுங்கள். நலங்கு முதல் ரிசெப்ஷன் வரை. மங்கலான கோயில் மண்டபத்தில் ஹோமப் புகை எழும்போது முகம் எப்படி வந்திருக்கிறது, தாலி கட்டும் நொடியில் யாருடைய தலையும் மறைக்காமல் எடுத்தீர்களா, பாட்டி தாத்தா படத்தில் இருக்கிறார்களா என்றுதான் பெரியவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் ரீல்ஸ் பார்ப்பார்கள், காசு கொடுப்பவர் ஆல்பம் பார்ப்பார்.

அந்தப் படம் உங்களுடையதா?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. "நான் எடுத்த படம், என்னுடையது" என்று நினைத்தால், மலேசியாவில் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டு, ஒப்பந்தத்தின்பேரில் உருவாக்கப்படும் படைப்பின் பதிப்புரிமை, கேட்டவருக்கே மாறிவிட்டதாகக் கருதப்படும். இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே விலக்கு. அதாவது, எதுவும் பேசிக்கொள்ளாமல் எடுத்த கல்யாணப் படம் அந்தத் தம்பதியுடையது. அதைப் பெரிதாக அச்சடித்து பூத்தில் மாட்ட அவர்களுடைய சம்மதம் வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் ஒப்பந்தப் படிவத்தை அப்படியே இறக்கிப் பயன்படுத்தினாலும் சிக்கல்தான். பிரிட்டனில் பொதுவாகப் படம் எடுத்தவரே முதல் உரிமையாளர். சிங்கப்பூரும் 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இந்தியச் சட்டமோ காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர் பக்கம் நிற்கிறது. எங்கோ ஓர் ஊருக்காக எழுதிய வரிகளை நம்பாமல், "இந்தப் படங்களைக் கண்காட்சியிலும் சமூக ஊடகத்திலும் காட்டலாம்" என்று உங்கள் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பழைய வாடிக்கையாளர் என்றால் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிச் சம்மதத்தை எழுத்தில் வாங்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மணமேடையில் அழுத தன் முகத்தை முன்பின் தெரியாதவர்கள் நின்று பார்ப்பது எல்லாருக்கும் பிடிக்காது.

நம்பர் வாங்கும்போது

அதிர்ஷ்டக் குலுக்கல் வைத்து நூறு பேரின் போன் நம்பரைச் சேர்ப்பது கண்காட்சிகளில் வழக்கம். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்காக இப்படிச் சேர்க்கும் விவரங்களுக்கும் பொருந்தும். எதற்காக வாங்குகிறீர்கள் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் சொல்ல வேண்டும், சம்மதம் வேண்டும், விளம்பரம் அனுப்பாதே என்று ஒருவர் எழுதிக் கேட்டால் நிறுத்த வேண்டும். உண்மையில் நூறு நம்பரால் பெரிய பயனும் இல்லை. பெயர், கல்யாணத் தேதி, இடம் மூன்றும் தெரிந்த பதினைந்து பேர் போதும். இரண்டு நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்: "அக்கா, வாட்டர்ஃபால் கோயிலில் கல்யாணம்னு சொன்னீங்க, அங்க எடுத்த படம் சிலது அனுப்புறேன்." எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்பினால் ஒருவரும் பதில் போடமாட்டார்கள்.

கூட்டம் குறைந்த நேரத்தில் போனை நோண்டிக்கொண்டு உட்காராதீர்கள். மணவறை அலங்காரம் செய்பவர், மேக்கப் கலைஞர், நாதஸ்வரக் குழுவினர் எல்லாரும் அதே கூடத்தில் நிற்கிறார்கள். வாரா வாரம் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய மணவறையை, மேக்கப்பை நன்றாகப் படம் எடுத்து அனுப்பினால், "போட்டோவுக்கு யாரு?" என்று கேட்கும் வீட்டில் உங்கள் பெயர் வரும். கண்காட்சி முடிந்ததும் லெபோ பாசாருக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கண்காட்சிக்கு வராத அம்மாக்களும் புடவைக்கும் தாலிக்கும் லிட்டில் இந்தியா வந்தே ஆக வேண்டும். கல்யாண அட்டை அச்சடிப்பவருக்குத் தேதி, மண்டபம், குடும்பம் எல்லாம் தெரியும்.

பூத்துக்குப் போகும் முன் எஸ்எஸ்எம் பதிவையும் முடித்துவிடுங்கள். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60. முன்பணம் வாங்கினால் ரசீது கொடுங்கள். உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் வருவார், பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தகராறு வந்தால் வாடிக்கையாளர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், அங்கே முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.