புகையில் பிறந்த குழாய்

நீருக்கடியில் வேலை செய்பவருக்குக் காற்று தரும் குழாய், முதலில் கடலுக்காகச் செய்யப்பட்டதல்ல. 1823-ல் இங்கிலாந்தில் சார்லஸ் டீன் காப்புரிமை வாங்கியது, புகை மண்டிய அறைக்குள் நுழைகிறவர் அணியும் தலைக்கவசத்துக்கு. வெளியே நிற்பவர் துருத்தியை இயக்க, தோல் குழாய் வழியே காற்று உள்ளே போகும். யாரும் பெரிதாக வாங்கவில்லை. சில ஆண்டுகளில் சார்லஸும் தம்பி ஜானும் அதையே தண்ணீருக்குள் இறக்கிப் பார்த்தார்கள்.

1834-ல் அது ஸ்பிட்ஹெட் கடலில் மூழ்கிக் கிடந்த ராயல் ஜார்ஜ் போர்க்கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பல் சண்டையில் போனதல்ல. 1782-ல், நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன வேலைக்காக அதை ஒருபக்கமாகச் சாய்த்தார்கள். தாழ்ந்துபோன பீரங்கி வாசல்களில் கடல் புகுந்தது. செத்தவர்கள் எண்ணூறுக்கும் மேல். அடிப்பலகைக்கு ஓர் ஆளை அனுப்பி மூச்சும் கொடுக்க முடிந்திருந்தால் கப்பலைச் சாய்த்திருக்கவே வேண்டாம்.

டீன் சகோதரர்களின் கவசம் கீழ்ப்பக்கம் திறந்திருந்தது. குனிந்தால் தண்ணீர் ஏறிவிடும். ஜெர்மானியரான அகஸ்டஸ் சீபே அதை உடையோடு இறுக்கிச் சேர்த்தார். 1943-ல் பிரெஞ்சுக்காரர்களான கூஸ்தோவும் கன்யானும் முதுகுச் சிலிண்டருக்கு வால்வு கண்டதும், இனிக் குழாய் எதற்கு என்றுதான் தோன்றியிருக்கும்.

ஆனால் படகின் அடிவயிற்றைச் சுத்தம் செய்யும் வேலையில் இன்றும் குழாய்க்குத்தான் மரியாதை. வேலை ஓரிரு மீட்டர் ஆழத்தில், மல்லாந்த நிலையில். முதுகில் சிலிண்டர் இருந்தால் இடைஞ்சல். இப்போது மேல்தளத்தில், அல்லது மிதவையில், பெட்ரோலிலோ 12 வோல்ட் பேட்டரியிலோ ஓடும் கம்ப்ரஸர் காற்றை அனுப்புகிறது. ஹூக்கா என்பது இதன் செல்லப்பெயர். வெறும் நீளக்குழாயை வாயில் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் நெஞ்சை அமுக்கும் அமுக்கில் காற்றை உறிஞ்ச முடியாது. மேலிருந்து தள்ளித்தான் ஆக வேண்டும்.

கீழே இருப்பவர் படகில் ஒட்டும் உறிஞ்சுபிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கொட்டலசுகளைச் சுரண்டுகிறார். கையுறை இல்லாவிட்டால் அவற்றின் விளிம்பு விரலைக் கிழித்துவிடும். பாசியைத் துடைப்பதில் வேகம் காட்டினால் பூச்சும் சேர்ந்து போகும். பிறகு புரொப்பெல்லர், மற்ற உலோகங்களைக் காக்கத் தான் அரித்துப்போன துத்தநாகக் கட்டியைக் கழற்றிப் புதியது மாட்டும் வேலை.

இனி வருவதுதான் விபரீதம். புகையிலிருந்து காப்பாற்றப் பிறந்த குழாய், இன்று புகையாலேயே ஆளைக் கொல்லக்கூடும். நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றுக்குத் திரும்பும். சற்றுமுன் விலகிப் போன எஞ்சின் புகை கம்ப்ரஸரின் உறிஞ்சுவாய்க்கு வந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. பெயின்ட் அடிக்கும் கம்ப்ரஸரை இரவல் வாங்கிச் சமாளிப்பவர்களுக்கு எண்ணெய் ஆவி கூடுதல் பரிசு. மோட்டார் நின்றதும் பதறி, மூச்சை அடக்கியபடி மேலே பாய்ந்தால், ஒரு மீட்டர் சொச்ச ஆழத்திலிருந்துகூட நுரையீரல் கிழியலாம்.

துருத்திக் காலத்தில் மேலே ஆள் இல்லாமல் காற்றே இல்லை. மோட்டார் வந்ததும் அந்த ஆளை மிச்சம் பிடித்தோம். முத்துக்குளிப்பில் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று நம்மூரில் சொல்வதுண்டு. தங்கையின் தாலி அவன் கையில் என்பது கணக்கு. ஹூக்கா வாங்குகிறவர்கள் அந்தக் கணக்கையும் போடுங்கள். உறிஞ்சுவாயைக் காற்று வரும் பக்கம் உயர்த்திக் கட்டுங்கள். குழாயை விட்டுக் கண்ணெடுக்காத ஒருவர் மேலே இல்லையென்றால் இறங்காதீர்கள்.