வடிவமைப்பு நிறுவனங்களும் தொல்குடி நல்லிணக்கமும் (ஆஸ்திரேலியா)

ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் ஓவியம், குலச்சின்னம், மூதாதையர் கதை ஆகியவற்றை உரியவர்களின் இசைவோடும் பங்கேற்போடும் மட்டுமே கையாள்வது வடிவமைப்புத் துறையில் நல்லிணக்கம் எனப்படுகிறது.

இதன் வரலாறு ஒரு டாலர் தாளில் தொடங்குகிறது. 1966 பிப்ரவரி 14இல் தசம நாணய முறை வந்தபோது வெளியான அத்தாளை வடிவமைத்தவர் கார்டன் ஆண்ட்ரூஸ். அதன் பின்பக்கத்தில் ஆர்னம் நிலத்துத் தொல்குடி ஓவியர் டேவிட் மலாங்கியின் மரப்பட்டை ஓவியம் இருந்தது. பாம்பு தீண்டி இறந்த குர்மிரிங்கு என்ற மூதாதை வேட்டைக்காரனுக்கு நடக்கும் ஈமச்சடங்கு அது. மலாங்கியின் குலத்துக்கே உரியது. மலாங்கியை யாரும் கேட்கவில்லை. வரைந்தவர் எவரோ, எப்போதோ இறந்திருப்பார் என்று தாளை வெளியிட்ட மைய வங்கி எண்ணிக்கொண்டது. விஷயம் வெளிப்பட்டபின் வங்கித் தலைவர் கூம்ஸ் அவருக்கு 1,000 டாலர், ஒரு பதக்கம், மீன்பிடிச் சாதனங்கள் கொடுத்தார். தொல்குடிக் கலைஞரின் பதிப்புரிமை என்ற பேச்சு எழக் காரணமானது இந்நிகழ்ச்சியே. அத்தாள் 1984இல் நாணயத்துக்கு வழிவிட்டது.

நீதிமன்றம் மெதுவாகவே வந்தது. வியட்நாமில் நெய்து இறக்குமதியான கம்பளங்களில் தொல்குடி ஓவியர் பாண்டுக் மாரிக்கா முதலியோரின் ஓவியங்கள் அனுமதியின்றி இடம்பெற்றன. ஒவ்வொரு கம்பளத்துக்கும் ஓவியருக்கு உரிமைத்தொகை போகிறது என்று சீட்டு வேறு கட்டியிருந்தார்கள். புனித நீர்நிலையின் உருவம் கால்மிதியானதுதான் மாரிக்காவுக்குப் பெரும் வேதனை. 1994இல் தீர்ப்பு ஓவியர் பக்கம் வந்தது. பண்பாட்டு இழப்பையும் கணக்கில் எடுத்தே இழப்பீடு விதிக்கப்பட்டது.

வடிவமைப்பு நிறுவனங்களில் முன்னோடி பாலரிஞ்சி. சிறுவயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட யான்யுவா இனத்தவரான ஜான் மோரியார்ட்டியும் மனைவி ராஸும் 1983இல் தொடங்கியது. குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் போயிங் 747 ஒன்றின் உடல் முழுவதும் 1994இல் இவர்கள் தீட்டிய வடிவத்துக்கு வுனாலா என்ற பெயர் சேர்ந்தது. யான்யுவா மொழியில் கங்காரு என்று பொருள்.

ரிகன்சிலியேஷன் ஆஸ்திரேலியா அமைப்பு 2006 முதல் நிறுவனங்களுக்கு நல்லிணக்கச் செயல்திட்டங்களை நடத்துகிறது. இவை நான்கு படிநிலைகளில் அமையும். வடிவமைப்பாளர்களுக்கென்றே உருவான தொல்குடி வடிவமைப்புச் சாசனம் 2016இலும், அதன் பன்னாட்டு வடிவம் 2018இலும் வந்தன. பணியைத் தொல்குடியினரே வழிநடத்துவது, ஊன்றிக் கேட்பது, பலனைப் பகிர்வது ஆகியவை இதன் பத்து நெறிகளில் அடங்கும். கட்டாயமில்லை, ஏற்பவர் ஏற்கலாம்.

ஹரால்ட் தாமஸ் 1971இல் வடிவமைத்த தொல்குடிக் கொடியின் பதிப்புரிமையை 2022இல் அரசு வாங்கியது.